டிரெஸ்ஸர் சொல்லச் சொன்ன வார்த்தை

அந்தச் சத்தத்தை முதன்முதலில் வெளியே நின்றுதான் கேட்டேன். விடிந்தும் விடியாத பொழுது. தோட்டத்து ஆஸ்பத்திரியின் படியில் வெறுங்காலோடு நின்றிருந்தேன். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக எதையோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். பஜனை என்று நினைத்தேன். காது கொடுத்துக் கேட்டால் சாமி பெயர் ஒன்றும் வரவில்லை. "எனக்குத் தேவலை. நேத்தைக்கு இன்னிக்கு நல்லா இருக்கேன். எந்திரிச்சி நடப்பேன்." மூன்று தடவை அதையே சொன்னார்கள். பிறகு ஒரே இருமல்.

மலாயாவில், பீடோங்கிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ரப்பர் தோட்டம் அது. ஜப்பான்காரன் வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. வாங்க ஆளில்லாததால் பால் வெட்டுவது நின்றுபோய், மரங்களுக்கடியில் மரவள்ளி நட்டிருந்தோம். சியாமில் ரயில் பாதை போட என்று என் கணவரை லாரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலைக்கு நின்றால் ஒரு வேளைக் கஞ்சி நிச்சயம் என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் சொன்னார்கள். அதை நம்பித்தான் போனேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

புண்ணுக்குக் கட்டுப் போட்டு மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸருக்கு நாற்பது இருக்கும். வெள்ளைக்கார டாக்டர் ஓடிப்போன பிறகு வைத்தியம் முழுவதும் அவர் தலையில் விழுந்தது. முன்பெல்லாம் கஞ்சி போட்டு விறைப்பாகச் சட்டை போடுவாராம். நான் போனபோது சட்டை தொளதொளவென்று கிடந்தது. கஞ்சியைக் குடிக்கத்தான் அத்தனை வாய் காத்திருந்ததே. மருந்து அலமாரியில் காலிப் புட்டிகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்திருந்தார். மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மாத்திரை தீர்ந்து மாதக்கணக்காகியிருந்தது. காய்ச்சலுக்கு நிலவேம்புக் கஷாயம், புண்ணுக்கு உப்புப் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். இவற்றோடு காலையில் இந்த வார்த்தைகள்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஐயா, இது எந்தச் சாமிக்குச் சொல்றது?"

"சாமிக்கு இல்லம்மா. நமக்கு நாமே சொல்லிக்கிறது."

"சொன்னா நோவு போயிருமா?"

அவர் அலமாரியைக் காட்டினார். "வேற என்னாத்த குடுக்கச் சொல்ற?"

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. வாயால் சொல்லும் ஒன்று உடம்புக்குள் போய் என்னதான் செய்யும்? முகம் கழுவிவிடும் சாக்கில் ஒவ்வொரு கட்டிலாகக் கவனிக்க ஆரம்பித்தேன். சொன்னவர்களுக்குக் காய்ச்சல் இறங்கியதா என்றால், சிலருக்கு இறங்கியது, சிலருக்கு இல்லை. ஆனால் வேறொன்றைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பவர்கள்கூட அந்த நேரத்தில் மட்டும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். பக்கத்துக் கட்டில்காரர் சொல்கிறாரா என்று பார்த்தார்கள். எல்லோரிலும் மாட்டு வண்டிக்காரர் குரல்தான் பெரிசு. மாட்டை அதட்டிப் பழகிய தொண்டை. அவருக்கு அடுத்த கட்டிலில் கல்யாணமாகி மூன்றே மாதமான ஒருவர். வண்டிக்காரரோடு போட்டி போட்டுக்கொண்டு கத்துவார். கடைசிக் கட்டிலில் காலில் பெரிய புண்ணோடு ஓர் அக்கா இருந்தார், பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவர் மட்டும் உதடே அசைக்கமாட்டார்.

வீட்டில் என் சின்ன மகன் தூங்கிய பிறகு நானும் சொல்லிப் பார்த்தேன். 'அவர் வந்துகிட்டு இருக்காரு' என்று ஒரு தடவை. இரண்டாவது தடவை சொல்லாமல் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

ஒரு காலை நேரம் ரயில் பாதைக்கு ஆள் பிடிக்கும் லாரி வந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. டிரெஸ்ஸர் கண்ணை மூடிக்கொண்டு முதல் வரியைச் சொல்ல, எல்லோரும் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். "எந்திரிச்சி நடப்பேன்" என்று வண்டிக்காரர் உரக்கச் சொன்ன நேரம், வாசலில் ஜப்பான் அதிகாரி நின்றான். கூடவே தமிழ் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளன். அதிகாரி ஏதோ கேட்டான். மொழிபெயர்ப்பாளன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நடக்க முடியும்னு இவங்களே சொல்றாங்களே டிரெஸ்ஸரே, அப்புறம் எதுக்குக் கட்டில்?" என்றான்.

டிரெஸ்ஸருக்கு முகம் வெளுத்தது. "அது சும்மா சொல்ற பேச்சுங்க. காய்ச்சல்காரங்க. தொட்டுப் பாருங்க" என்று கெஞ்சினார். அதிகாரி யாரையும் தொடவில்லை. விரலால் இருவரைக் காட்டினான். வண்டிக்காரரும் புது மாப்பிள்ளையும். வண்டிக்காரர் எழுந்து நின்றபோது கால் ஆடியது. லாரி வரைக்கும் நடந்தே போனார்.

மறுநாள் காலை டிரெஸ்ஸர் வார்டுக்குள் வந்தார். வாயைத் திறக்கவில்லை. நாடி பிடித்தார், கஷாயம் ஊற்றினார், போய்விட்டார். மூன்று நாள் அப்படியே போயிற்று. ஜனங்கள் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காலியான இரண்டு கட்டில்களைப் பார்க்க யாருக்கும் தைரியமில்லை.

நான்காம் நாள், புண்கார அக்காதான் கூப்பிட்டார். "ஐயா, இங்க வாங்க. எனக்குத் தேவலைன்னு நான் ஒரு நாளும் சொன்னதில்ல. அது பொய்யி. காலு அழுவிக் கெடக்கு. ஆனா வாசப்படி வரைக்கும் இன்னிக்குப் போவேன். அத சொல்லலாமா?"

டிரெஸ்ஸர் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "மெதுவா சொல்லுங்க" என்றார்.

அக்கா ரகசியம் போலச் சொன்னார். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு போனார். பதினைந்து அடி தூரம்தான். வியர்வையில் என் ரவிக்கை நனைந்துவிட்டது, அவருடைய வியர்வையும் என்னுடையதுமாக. வாசலில் நின்று வெளியே பார்த்துவிட்டு, "மழ பேஞ்சிருக்கு" என்றார். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரே வார்த்தையை எல்லோரும் சேர்ந்து சொல்வது நின்றது. டிரெஸ்ஸர் கட்டில் கட்டிலாகக் குனிந்து, "இன்னிக்கு என்னா?" என்று மட்டும் கேட்பார். காதோடு காதாகப் பதில் வரும். ரெண்டு வாய் அதிகம் குடிப்பேன் என்பார் ஒருவர். பார்க்க வரும் பெண்டாட்டியை இன்று திட்டமாட்டேன் என்றார் இன்னொருவர். டிரெஸ்ஸர் பல நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். ஒருநாள் என்னிடமும் கேட்டார். கணவரைப் பற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை. "எல்லாருக்கும் முகம் கழுவி விடுவேன்யா" என்றேன். "அது போதும்" என்றார்.

இப்போது பாக்கார் ஆராங் என்ற ஊரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கும் பேத்தி, 'நான் ஜெயிப்பேன்' என்று எழுதிக் கண்ணாடியில் ஒட்டி வைத்துத் தினமும் காலையில் படிக்கிறாள். வேலை செய்கிறதா என்று கேட்டேன். "தெரியல பாட்டி, சொன்னா நல்லாருக்குலா" என்றாள். ஆஸ்பத்திரியில் அத்தனை காலம் பார்த்த எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

சண்டை முடிந்து சில மாதம் கழித்து, சியாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராகத் திரும்பினார்கள். என் கணவர் வரவில்லை. புது மாப்பிள்ளையும் வரவில்லை. வண்டிக்காரர் வந்தார். எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றவரை எனக்கு அடையாளமே தெரியவில்லை. டிரெஸ்ஸருக்குத் தெரிந்தது. கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "என்னாலதானே போன நீ" என்றார்.

"நீங்க இல்லன்னாலும் புடிச்சிருப்பான்யா."

"அங்கயும் சொன்னியா?"

"சொன்னேன். வாய்க்குள்ளயே."

பழைய கட்டிலையே அவருக்குப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் விடிந்ததும் டிரெஸ்ஸர் குனிந்து, "இன்னிக்கு என்னா?" என்று கேட்டார். வண்டிக்காரர் கண்ணைத் திறக்காமலே, வார்டு முழுவதற்கும் கேட்கும்படி, "இன்னிக்கு நான் தூங்குவேன்யா" என்றார்.

டிரெஸ்ஸர் போய் அந்தக் கட்டிலில் வெயில் விழாதபடி ஜன்னலைச் சாத்தினார். பொழுது சாயும் வரைக்கும் அவரை யாரும் எழுப்பவில்லை.