திமிலில் தண்ணீர் இல்லை

செல்வராஜ் சார் இறந்துவிட்ட செய்தி நம் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது நான் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் இருந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். கொஞ்ச நேரத்தில் அஞ்சலிப் படம் ஒன்று வந்தது. 'திமிலில் நீரைச் சேர்க்கும் ஒட்டகம்போல் அறிவைச் சேர்த்தவர்' என்று அதில் எழுதியிருந்தது. அழுகை நின்று எரிச்சல் வந்துவிட்டது. எழுதியவர் யாரோ தெரியாது. பதினெட்டு வருஷம் அந்த விலங்கியல் ஆசிரியர் உங்களோடுதானே உட்கார்ந்து சாப்பிட்டார்?

எனக்கும் இதைக் கேட்க யோக்கியதை இல்லை. அறிவியல் கண்காட்சிக்குத் தெர்மாகோல் ஒட்டகம் செய்து, திமிலுக்குள் தண்ணீர்ப் பாக்கெட் வைத்தவள் நான்தான். அழுத்தினால் வாய் வழியாகத் தண்ணீர் கொட்டும். தாவரவியல் டீச்சருக்கு ஒட்டகத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சிறப்பு விருந்தினர் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பு சார் அந்தப் பாக்கெட்டை எடுத்துவிட்டு, வனஸ்பதிப் பாக்கெட்டைத் திணித்துவிட்டார். விருந்தினர் அழுத்தினார், அழுத்தினார், ஒன்றும் வரவில்லை. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"ஏன் சார் என் மானத்த வாங்குறீங்க?" என்று சண்டைக்குப் போனேன்.

"திமில்ல இருக்கிறது கொழுப்பு மேடம். உடம்பு முழுக்கப் போர்த்திக்கிட்டா அந்த வெயில்ல வெந்து பூடும். அதான் ஒரே எடத்துல மூட்டை கட்டி வெச்சிருக்கு. நாம தப்பா காட்டினா பசங்களுக்குத்தான் பேஜார்."

மூன்று மாதம் அவரோடு நான் பேசவில்லை.

அவருக்கு உயிரான பிராணி கங்காரு எலி. பாலைவனத்தில் தண்ணீரே குடிக்காமல், தின்னும் விதையிலிருந்து உடம்புக்குள் உண்டாகும் நீரிலேயே பிழைக்கும். அதன் சிறுநீரகம் நீரை அவ்வளவு சிக்கனமாகத்தான் வெளியே விடும். சாப்பாட்டு நேரத்தில் இந்தக் கதையைக் கேட்டுச் சலிக்காதவர் நம்மில் உண்டா? அவருக்குப் போய்ச் சிறுநீரகம் கெட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு சொல்லிவிட்டார்.

கடைசியாகப் பெருங்களத்தூரில் அவர் வீட்டுக்குப் போனபோது நல்ல வெயில். அவர் மனைவி, "இன்னிக்குக் குடிக்க வேண்டியத குடிச்சிட்டாரு, கேட்டாலும் குடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு மருந்துக் கடைக்குப் போனார்.

"அரை டம்ளர் தண்ணி குடுங்க மேடம். நாக்கு ஒட்டிக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. "கங்காரு எலி ஆயுசுக்கும் குடிக்காம இருக்கும்னீங்களே சார்!"

சிரித்தார். "அதோட கிட்னி எங்க, என் கிட்னி எங்க மேடம்?"

நான் கொடுக்கவில்லை. நாலாம் நாள் அவர் போய்விட்டார். நான் செய்தது சரிதான் என்று அவர் மனைவியே சொல்கிறார்.

அந்தப் படத்தில் உள்ள வரியைத் தயவுசெய்து மாற்றுங்கள். இந்த வருஷ ஒட்டகத்துக்கு வனஸ்பதியை நானே வைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்பு. ஒரு ஸ்பூன் தண்ணீரில் நாக்கை நனைத்துவிட்டிருக்கலாம், அதை எந்த டாக்டரும் தடுத்திருக்க மாட்டார். எனக்குத்தான் தோன்றவில்லை. பதிலுக்குப் பதில் பேசத்தான் தோன்றியது.