வேற்றுலகத்தார் கேட்டது

நேற்று ஒத்தக்கடை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் போனிலிருந்து, சின்ன வயதில் டிவி தொடரில் கேட்ட அதே விண்கலத்தின் ரீங்காரம் கேட்டது. சட்டென்று எனக்கு எட்டு வயதாகிவிட்டது.

அப்போதுதான் ஒத்தக்கடைக்குக் குடிவந்திருந்தோம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். அதைக் கேட்டுச் சிரிக்கும் தெருப் பிள்ளைகள் என்னை விளையாட்டில் சேர்க்கவே இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையானால் தமிழில் டப்பிங் செய்த அந்த விண்கலத் தொடரைப் பார்க்க எங்கள் டிவி முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அன்று வேற்றுலகத்தார் பூமியில் இறங்கினார்கள். சுற்றிலும் துப்பாக்கிகள். அவர்களில் ஒருவர் கைகளை விரித்து ஏதோ பேசினார். அதை மட்டும் தமிழாக்காமல் விட்டிருந்தார்கள்.

எதிர்வீட்டுச் செல்வி என் பக்கம் திரும்பினாள். “ஏய், ஒங்க வீட்டுப் பேச்சு மாதிரியே இருக்கு. என்னடி சொல்றாய்ங்க?”

எனக்கும் ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் இத்தனை பேர் என் வாயைப் பார்த்தது அதுதான் முதல்முறை.

“நாங்களும் வெளையாட வரலாமானு கேக்குறாங்க.”

“இதக் கேக்கவா அம்புட்டுத் தூரத்துலருந்து வந்தாய்ங்க? வரச் சொல்லுடி!” என்றவள், கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். “கிளித்தட்டுக்கு ஒரு ஆள் கொறையுது. நீ வாரியா?”

பஸ்ஸில் நான் மெல்ல, “அண்ணே, நானும் பாக்கலாமா?” என்றேன். அவர் போனை என் பக்கம் சாய்த்தார்.