கிணற்றடிக் கூட்டம்

பந்தியில் இலை போட்டாகிவிட்டது. சேவுகன் மட்டும் உட்காராமல், மண்டபத்தின் பின்வாசலை மறித்துக் கிடக்கும் அரிசி மூட்டைகளை ஓரமாக இழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். "வந்த எடத்துல பேசாம சாப்பிட மாட்டீங்களா?" என்று மனைவி சிவரஞ்சனி பல்லைக் கடிக்கிறார். கதவு திறக்கிறதா என்று தள்ளிப் பார்த்த பிறகுதான் மனிதருக்குச் சோறு இறங்கும்.

தீயணைப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். நாற்பத்தேழு வயதில் தபால் வழியில் பேரிடர் மேலாண்மை படிக்கிறார். புத்தகத்துக்குப் பிரவுன் அட்டை போட்டு லேபிளும் ஒட்டியிருக்கிறார். பிரமோஷனுக்குத்தான் இந்தப் பாடு என்று நிலையத்தில் கிண்டல். "ஆமாப்பா, கலெக்டராகப் போறேன்" என்பார். உண்மையில் அவரைப் படிக்க வைத்தது பயம்.

"நெருப்பு தண்ணியப் பீய்ச்சுனா அடங்கிரும். கெணத்தச் சுத்தி நிக்கிற சனத்த என்ன செய்ய?" என்று நம்மிடமே கேட்கிறார்.

போன வருடம் வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கிணறு. உள்ளே ஓடிய டீசல் என்ஜினின் புகையில் ஒருவர் மயங்கிக் கிடந்தார். சேவுகன் மூச்சுக் கருவியை மாட்டிய அந்த ஒரு நிமிடத்தில், "எறங்காதீங்க" என்று கத்தக் கத்த, மயங்கியவரின் தம்பி கயிற்றில் சறுக்கி இறங்கிவிட்டார். மேலே வந்தவை இரண்டு உடல்கள். அதற்குப் பிறகுதான் இந்தப் படிப்பில் சேர்ந்தார்.

பதறி நிற்பவரைத் தடுக்காதே, கையில் ஒரு வேலையைக் கொடு என்று பாடத்தில் ஒரு வரி இருந்தது. அதற்குச் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்தார். ஆனால் அதை நம்பி ஓர் உயிரைப் பணயம் வைக்கவும் பயமாகத்தான் இருந்தது.

சென்ற மாதம் திருவரங்குளம் அருகே அதே மாதிரி கிணறு, அதே புகை. உள்ளே கிடந்தவரின் மனைவி பரிமளா, முந்தானையைச் செருகிக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டார். சேவுகன் கத்தவில்லை. தன் இடுப்பில் கட்டியிருந்த பாதுகாப்புக் கயிற்றை அந்தப் பெண்ணின் கையில் திணித்தார்.

"நான் உள்ள போறேன் தங்கச்சி. நீங்க விட்டுட்டா நானும் போயிருவேன்."

கயிற்றின் மறுமுனை தீயணைப்பு வண்டியில் கட்டியிருந்தது. பரிமளாவுக்கு அது தெரியாது.

கணவர் மேலே வந்ததும் இருமினார். உயிர் இருந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கூப்பிட்டும் பரிமளா கயிற்றை விடவில்லை. சேவுகன் முகமூடியைக் கழற்றிவிட்டு எதிரே மண்ணில் உட்கார்ந்தார். "நானும் வந்துட்டேன் தங்கச்சி, விடுங்க" என்று அந்த விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். ஒரு விரல்கூடப் பிரியவில்லை.