ஏசித் தண்ணீரில் வளரும் சைப்பிரஸ்

பள்ளிக்கூடம் விட்டதும் யாழ்ப்பாணத்து மருதனார்மடம் சந்தியில் உள்ள ஒரு துணிக்கடையின் பின்புறம் போய் நிற்பது என் அன்றாட வேலைகளில் ஒன்று. அங்கே ஏசிப் பெட்டியிலிருந்து ஒரு குழாய் தொங்கும். அதன் கீழே நேற்று நான் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் கான் இன்று நிறைந்திருக்கும். முதல் தடவை கடைக்கார அண்ணை என்னை மேலும் கீழும் பார்த்தார். "சேர், பற்றரிக்கு விடவோ?" என்று கேட்டார். மரத்துக்கு என்றேன். "உங்கடை கிணறு வத்திப்போச்சோ?" இல்லை, கிணற்றில் நிறையத் தண்ணீர் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரமே சந்தியில் எனக்கு 'ஏசித் தண்ணிச் சேர்' என்ற பெயர் விழுந்துவிட்டது.

மலையகத்தில் இருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு நான் சொல்வது விளங்காது. நம் பக்கத்தில் தண்ணீர் மேலேயிருந்து தானாக இறங்கி வரும். இறப்பர் குழாயைச் சொருகினால் போதும். இங்கே நிலத்துக்கு அடியில் முழுக்கச் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் கேத்தலில் வெள்ளைப் படை கட்டும். அந்தத் தண்ணீரில் புகையிலையும் வெங்காயமும் செழிக்கின்றன. சட்டியில் வளர்க்கும் என் சைப்பிரஸ் மட்டும் மஞ்சளாகிப்போனது. மாரியில் பீப்பாயில் மழையைப் பிடித்து வைப்பேன். அது முடிந்த பிறகு, சுண்ணாம்பில்லாத தண்ணீருக்குத் துணிக்கடைதான் கதி.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைக் கடைசி வகுப்புவரை பார்த்த முதல் ஆள் நான். அம்மா கொழுந்தெடுத்தார். அப்பா கவ்வாத்து வெட்டினார். அதாவது சில வருடங்களுக்கு ஒரு தடவை தேயிலைச் செடியை இடுப்பு உயரத்துக்கு மொட்டையாக வெட்டி, மறுபடி தளிர்க்க விடும் வேலை. நான் தாவரவியல் படிக்க யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்கு வந்தேன், படித்து முடித்து இங்கேயே விஞ்ஞான ஆசிரியரானேன். பொன்சாய் பழகியது கைபேசியில் ஒரு ஜப்பான்காரரைப் பார்த்து. அவர் பேசியது ஒரு சொல்லும் விளங்கவில்லை, கை செய்தது விளங்கியது. சைப்பிரஸின் நுனியைக் கத்தரிக்கோலால் வெட்டினால் வெட்டிய இடம் பழுப்பேறும். விரலால் கிள்ள வேண்டும். கொழுந்தெடுக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இதை வேறொருவர் காட்டித் தரத் தேவையில்லை. நம் ஊர் சைப்பிரஸ் மரங்களில் பனி ஈரம் ஏறினால் கிளைகள் தோள் தொங்கிய மாதிரிக் கீழே சரியும் அல்லவா, அந்தச் சரிவைச் செம்புக் கம்பி சுற்றிச் சட்டி மரத்துக்கும் கொண்டுவந்தேன்.

அந்தக் கன்று தோட்டத் துரை பங்களாப் பாதையோர வடிகானுக்குள் முளைத்துக் கிடந்தது. பால்மாப் பேணியில் வைத்து பஸ்ஸுக்குக் கொண்டு வந்தபோது அப்பா சிரித்தார். "அந்த வெயில்ல இது பொழைக்கவா? இது அங்க பொழைச்சிச்சின்னா நாங்களும் வந்து பொழைக்கிறோம்டா." அன்று அது விளையாட்டுப் பேச்சு. பிறகு அப்பா வேலையிலிருந்து நின்றார். ஆனி, ஆடியில் மழையும் குளிரும் இறங்கினால் அம்மாவுக்கு இழுப்பு வரும். அவர்கள் குடியிருக்கும் லயத்துச் சுவர் எந்நேரமும் ஈரம். காய்ந்த சூடான இடத்தில் வைத்திருங்கள் என்று வைத்தியர் சொன்னார். இங்கே வந்து இருங்கள் என்று நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பா மரத்தை விசாரித்தே தப்பிப்பார். "மரம் எப்படி இருக்கு? மஞ்சளா? பாத்தியா." ஏசித் தண்ணீர் ஊற்றத் தொடங்கிய பின் அது பச்சை பிடித்தது. படம் அனுப்பினேன். "போட்டோவ நம்ப ஏலாது, நேர்ல வந்து பாக்கணும்" என்றார். போன தை மாதம் இருவரும் மரத்தைப் பார்க்க வருவதாக முடிவானது.

நான் வாடகைக்கு இருப்பது உடுவிலில், நடராசா ஐயாவும் அவர் மனைவி அன்ரியும் இருக்கும் வீட்டின் முன்னறையில். ஐயா முந்திரிகைச் செய்கைக்காரர். திராட்சையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அப்பா அம்மா வருவதற்கு முந்திய கிழமை நான் பயிற்சி ஒன்றுக்கு வவுனியா போக வேண்டியிருந்தது. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். திரும்பி வந்து கேற்றைத் திறந்தால், மரத்தின் இடது பக்கம் முழுதும் வெறும் தடிகள். ஓர் இலை இல்லை. ஐயா முந்திரிகைக் கத்தரியைத் துடைத்தபடி வந்தார்.

"தம்பி, அப்பா வாறாரெண்டு கொஞ்சம் துப்பரவாக்கி விட்டனான். இந்தப் பக்கம் முடிஞ்சுது. அன்ரி தேத்தண்ணிக்குக் கூப்பிட்டுட்டா, மற்றப் பக்கம் நாளைக்கு."

நான் குனிந்து, தடிகளில் ஒரு பச்சைப் புள்ளியாவது மிஞ்சியிருக்கிறதா என்று தேடினேன்.

"என்னத்தைத் தேடுறீர்?"

"ஐயா, இது பச்சை இல்லாத தடியில தளிர்க்காது."

"விசர்க் கதை கதையாதையும். என்ரை முந்திரிகையை மொட்டைத் தடியாத்தான் விடுறனான். பிறகு பாரும், பந்தல் கொள்ளாது."

மற்றப் பக்கத்தைக் காப்பாற்றச் சட்டியைத் தூக்கி என் அறைக்குள் வைத்தேன். அப்பாவும் அம்மாவும் வரும் நாளன்று வெளியே எடுத்து, பச்சைப் பக்கம் கேற்றைப் பார்க்கத் திருப்பி வைத்தேன். அப்பா வந்ததும் கைப்பையைக் கூட இறக்கவில்லை, நேரே சட்டியிடம் போனார். ஆனால் கவ்வாத்துக்காரர் ஒரு செடியை முன்னால் நின்று மட்டும் பார்ப்பதில்லை. சுற்றி வந்தார். நின்றார். "யாரு வெட்டுனது?"

"நான்தான் அண்ணை" என்றார் ஐயா.

அப்பா தடியை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல வெட்டுங்க. சரிச்சு விட்டிருக்கீங்க, தண்ணி நிக்காது."

"அதைத்தான் இவருக்குச் சொல்லுறன். தளிர்க்காதாம்."

"தளிர்க்காம எங்க போகும்? நான் வெட்டுன மலையெல்லாம் தளிர்க்கலியா?"

யார் வீட்டுக்குப் போனாலும் எங்கள் அப்பா கதிரையின் நுனியில் மட்டுமே உட்கார்வார். வீட்டுக்காரர் எழுந்தால் தானும் எழுவார். தோட்டத்தில் பழகிய பழக்கம். மரத்தைப் பற்றிய பேச்சு தொடங்கிய பிறகு அது எப்படியோ மறந்துபோயிற்று. முந்திரிகையை எந்தக் கணுவில் வெட்டுவது, தேயிலையை எந்த மாதம் வெட்டக் கூடாது என்று இருவருக்கும் பொழுது போனது. காலையில் எழுந்ததும் சட்டிக்கு மேல் இரண்டு தலைகளும் குனிந்திருக்கும். "ஒரு முளை தெரியுதே?" "இல்லீங்க, அது தூசி." ஒரு கிழமையில் போவதாக வந்தவர், தளிரைப் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று இருந்துவிட்டார். அம்மா அன்ரியோடு குசினிக்குள் சமையலில். இருமல் சத்தமில்லாமல் அவர் நித்திரை கொண்டதை நான் கவனித்தேன். அப்பாவும் கவனித்திருப்பார்.

தளிர் வரவில்லை. தடிகள் காய்ந்து பட்டை வெடித்தன. ஒரு நாள் ஐயா என்னைத் தனியே கிணற்றடிக்குக் கூப்பிட்டார். மரம் பிழைத்தால் வருவதாக அப்பா சொன்ன கதையை அம்மா அன்ரியிடம் சொல்லியிருக்கிறார்.

"தம்பி, எனக்கு உது தெரியாது. உம்மடை தாய் தேப்பனை வரவிடாமல் நானே கலைச்சுப்போட்டன் என்ன?"

இல்லை ஐயா என்றேன். அன்று பின்னேரம் கைபேசியில் அந்த ஜப்பான்காரரின் மரங்களை எடுத்து இருவருக்கும் காட்டினேன். கிழட்டுச் சைப்பிரஸில் செத்த கிளையை வெட்டி எறிவதில்லை. பட்டையை உரித்து, எலும்பு மாதிரி வெளுக்க விட்டு, உயிரோடிருக்கும் பக்கத்துக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்கிறார்கள். அதைத்தான் அந்த ஊரில் அழகு என்கிறார்கள். அப்பா படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு பைக்குள்ளிருந்து துணியில் சுற்றிய கவ்வாத்துக் கத்தியை எடுத்தார். அதை ஏன் யாழ்ப்பாணம்வரை கொண்டு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "வெறுங்கையோடயா வர்றது" என்றார். ஐயா சட்டியைப் பிடித்துக்கொள்ள, அப்பா மெதுவாகப் பட்டையை உரித்தார். உள்ளே தடி பால் நிறத்தில் இருந்தது. மலைச் சைப்பிரஸின் மணம் உடுவில் முற்றத்தில் எழுந்தது. அம்மா குசினியிலிருந்து வாசலுக்கு வந்து நின்றார்.

கத்தியைத் துடைத்தபடி அப்பா யாரையும் பார்க்காமல் சொன்னார். "பாதிதான் பொழைச்சிருக்கு. சொன்ன சொல்லு சொல்லுதான். பாதி வருசம் வர்றோம்."

"எந்தப் பாதின்னு என்னையும் கேளுங்க" என்றார் அம்மா. "ஆனியில வருவேன். குளிர் முடிஞ்சாத்தான் திரும்புவேன். லயத்தையும் விட மாட்டேன்."

ஐயா உள்ளே போய்ப் பின்னறைச் சாவியைக் கொண்டு வந்து அப்பாவின் கையில் வைத்தார்.

இப்போது ஆனி. பின்னறையில் அம்மாவும் அப்பாவும் இருக்கிறார்கள். பொன்சாய்க்கு முதலில் ஒரு முகப்பைத் தீர்மானிக்க வேண்டும் என்பார்கள். எங்கள் மரத்துக்கு இன்னும் அது தீர்மானமாகவில்லை. முந்திரிகைத் தோட்டத்துக்குப் புறப்படும்போது ஐயா பச்சைப் பக்கம் கேற்றைப் பார்க்கச் சட்டியைத் திருப்பிவிட்டுப் போகிறார். அப்பா தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து, தான் உரித்த வெள்ளைப் பக்கம் தெரியத் திருப்பி வைக்கிறார். பின்னேரம் ஏசித் தண்ணீர்க் கானோடு கேற்றைத் திறக்கும்போது எந்தப் பக்கம் என்னைப் பார்த்து நிற்கும் என்று எனக்கே தெரிவதில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், நான் தண்ணீரை நடுவில்தான் ஊற்றுகிறேன்.