அம்மா நேர்ந்துகொண்ட என் முடி

காய்ச்சல் வந்தது என் தம்பிக்கு. மொட்டை விழுந்தது என் தலையில். இது என்ன நியாயம் என்று ஒன்பது வயதில் கேட்டேன், பேரன் பேத்தி எடுத்த பிறகும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல வேண்டியவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அதற்காக விட்டுவிட முடியுமா? எழுதியாவது வைக்கிறேன்.

பாகூர் ஏரித் தண்ணீரில் நெல்லும் கரும்பும் விளையும் ஊர் எங்களுடையது. விளைந்தது எதுவும் எங்களுடையது அல்ல. அப்பாவும் அம்மாவும் பண்ணையார் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். எங்கள் தெருவில் எல்லாருமே வேதக்காரர்கள், மூன்று நான்கு தலைமுறைக்கு முன்பே ஞானஸ்நானம் வாங்கியவர்கள். ஊரில் ஒரு சிறிய மாதா கோயில் இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வண்டியில் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரின் ராஜ்யம்தான்.

அந்தக் கோயிலில் எங்களுக்கு இடப்பக்கம். நிலபுலம் வைத்திருந்த மேலத்தெரு வேதக்காரர்களுக்கு வலப்பக்கம். மே மாதம் மாதாவுக்கு உரிய மாதம். அதன் கடைசி நாளில் சப்பரம் புறப்படும். சப்பரத்துக்கு முன்னால் வெள்ளைக் கவுனும் காகிதச் சிறகுமாக ஆறு சிறுமிகள் சம்மனசு, அதாவது தேவதூதர், வேடத்தில் பூத்தூவிக்கொண்டு போவார்கள். எனக்குத் தெரிந்து சம்மனசுகள் எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் இறங்குவார்கள். இடப்பக்கத்தில் சம்மனசுகள் பிறப்பதில்லை போலிருக்கிறது.

அந்த ஆண்டு மட்டும் ஓர் அதிசயம் நடந்தது. பாண்டியிலிருந்து வந்திருந்த ஒரு கன்னியாஸ்திரியம்மா, ஞானோபதேச வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டு, பின்னலை அவிழ்க்கச் சொன்னார். என் முடி இடுப்பைத் தாண்டிக் கிடந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, இந்தப் பெண் முன்னால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். உபதேசியாருக்கு முகம் சுருங்கிப்போனது. நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை. எங்கள் தெருவிலிருந்து முதல் சம்மனசு நான்தான் என்று தண்ணீருக்குப் போன இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை, தம்பி படுத்துவிட்டான். நாலு வயதுப் பிள்ளை. விஷக் காய்ச்சல் என்றார்கள். கஞ்சி இறங்கவில்லை, கண் திறக்கவில்லை. இருபது நாள் பார்த்த வைத்தியர், இனி உங்கள் சாமி விட்ட வழி என்று மருந்துப் பையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதுதான் எங்கள் வீட்டார் வேண்டுதல் வைக்க ஆரம்பித்தார்கள். அப்பா, அம்மாவுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த ஒரே செம்புக் குடத்தை மாதாவுக்கு நேர்ந்துகொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி; பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து சைகோன் வரை போய்விட்டு வந்து எங்களோடு தங்கியிருந்தவர். அவர், அப்பா உயிராக வளர்த்த சண்டைச் சேவலை நேர்ந்துகொண்டார். அம்மா என் முடியை நேர்ந்துகொண்டாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். தன் பொருளைக் கொடுக்கிறேன் என்று சொன்னவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. உண்மையையும் சொல்லிவிடுகிறேன்: நானும் முழந்தாளிட்டு வேண்டிக்கொண்டேன், மாமாவின் சைகோன் குடையைத் தருவதாக.

யாருடைய வேண்டுதல் கேட்கப்பட்டதோ தெரியாது, தம்பி கண் திறந்தான். கருவாட்டுக் குழம்பு வேண்டும் என்று அழுதான். அம்மா தெருவே கேட்க மாதாவே மாதாவே என்று கத்தினாள். குடம் கோயிலுக்குப் போனது, அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு சேவலைப் பிடித்துக் கொடுத்தார். குடையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா என்னிடம் வந்தாள்.

“சனிக்கெழம தலைய எறக்கிட்டு வில்லியனூர் மாதாவாண்ட போவணும்டி. நேந்துக்கினேன்.”

“தம்பி தலையா?”

“ஒன் தலதான்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தினேன் பாருங்கள், அடுத்த வீட்டுக் கோழியெல்லாம் பறந்தது. காய்ச்சல் அவனுக்கு, பிழைத்தவன் அவன், அழுதவள் நீ, முடி மட்டும் என்னுடையதா? கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதையாக இருக்கிறதே என்றேன். வாயிலேயே ஓர் அடி விழுந்தது. எதிர்த்துப் பேசியதற்கு அல்ல, மாதா காரியத்தில் பிள்ளையாரை இழுத்ததற்கு.

“ஒன் முடிய நேந்துக்கறதுதானே? இன்னாத்துக்கு என்னுத?” என்று அழுதுகொண்டே கேட்டேன்.

“புருசன் இருக்கறவ மொட்ட அடிக்கக்கூடாதுடி” என்றாள்.

நான் சும்மா இருக்கவில்லை. உபதேசியாரிடம் போய் முறையிட்டேன். சம்மனசு வேடத்துக்கு என்னைக் குறித்திருக்கிறது, கன்னியாஸ்திரியம்மா கோபித்துக்கொள்வார், நீங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு எதிர்பாராமல் பாரம் இறங்கியதுபோல் முகம் மலர்ந்தது. தேவனுக்குக் கொடுப்பதென்றால் மிச்சம் மீதியைக் கொடுக்கக்கூடாது, வலிக்க வலிக்கக் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அபிரகாம் தன் ஒரே மகன் ஈசாக்கை மலைமேல் கூட்டிக்கொண்டு போன கதையை முழுக்கச் சொன்னார். விறகை அந்தப் பையன் தலையிலேயே ஏற்றிவிட்டதையும் விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அபிரகாமுக்கு வலித்தது சரி, ஈசாக்கை ஒரு வார்த்தை கேட்டார்களா என்றேன். நறுக்கென்று ஒரு குட்டு விழுந்தது. அவர் குட்டினால் சாயங்காலம் வரை வலிக்கும். அந்த ஈசாக்குக்காவது கடைசி நேரத்தில் ஓர் ஆட்டுக்கடா வந்தது. சனிக்கிழமை வரை நானும் வேலி ஓரமெல்லாம் பார்த்தேன். பண்ணையார் வீட்டு எருமைதான் வந்தது.

சம்மனசு வேடம் மறுநாளே மேலத்தெருப் பெண் ஒருத்திக்குப் போய்விட்டது. மொட்டைச் சம்மனசை யார் பார்த்திருக்கிறார்கள்?

சனிக்கிழமை விடிந்ததும் அம்மாவே மழித்தாள். ஊரில் நாவிதர் இருந்தார். ஆனால் எங்கள் தெருவுக்குள் அவர் கத்தி வராது. வில்லியனூரில் போய் நின்று, அங்கேயும் நாவிதர் மாட்டேன் என்று சொல்லக் கேட்பதைவிட வீட்டிலேயே முடித்துக்கொண்டு முடியைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். மாமாவின் சவரக்கத்தியை வாங்கிக்கொண்டாள். அவள் கை கரும்பு வெட்டப் பழகிய கை. அன்றைக்கு அந்தக் கையிலும் கத்தி வழுக்கியது. இரண்டு இடத்தில் வெட்டினாள். சிரைக்கத் தெரியாதவள் ஏன் நேர்ந்துகொள்ள வேண்டும் என்று கேட்டேன். அம்மா அருள் நிறைந்த மரியே என்ற மந்திரத்தை முணுமுணுத்துக்கொண்டே சிரைத்தாள். அவள் முன்னால் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முடியை அலசி, சுருட்டி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி அம்மா தலையில் வைத்துக்கொண்டாள். தம்பி அவள் இடுப்பில். நான் தலையில் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தேன். அப்பாவுக்கு வேலை இருந்தது. தம்பிப் பயலுக்கு என் மொட்டையைப் பார்த்து ஒரே சிரிப்பு. பிழைத்து எழுந்தவன் செய்கிற முதல் வேலையைப் பாருங்கள்.

எங்கள் ஊரும் பிரெஞ்சுக்காரனுடையது, வில்லியனூரும் பிரெஞ்சுக்காரனுடையது. நடுவில் மட்டும் இங்கிலீஷ்காரன் பூமி ஒரு துண்டு கிடக்கும். யார் எப்படிப் பங்கு போட்டார்களோ, மாதாவைப் பார்க்கப் போகிறவர்கள்கூடச் சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரித்துக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து சாராயமும் பட்டும் கடத்துகிறார்கள் என்று இங்கிலீஷ்காரனுக்கு எப்போதும் சந்தேகம்.

சாவடிச் சேவகன் கையில் ஒரு தடி வைத்திருந்தான். எங்களுக்கு முன்னால் இரண்டு மாட்டுவண்டிகளை மறித்து நிறுத்தியிருந்தான். அம்மா மூட்டையை இறக்கி வைத்தாள்.

“உள்ள இன்னா?”

“முடிங்க சாமி. வேண்டுதலுக்குக் கொண்டுபோறேன்.”

அவன் நம்பவில்லை. தடியாலேயே முடிச்சை நெம்பி இழுத்து உதறினான். என் முடி தெருப் புழுதியில் விழுந்து பிரிந்தது. அவன் மேலே தேள் விழுந்தவன் மாதிரி பின்வாங்கினான்.

“சீ! காலங்காத்தால மயிரக் கொண்டாந்து காட்டற! எவ தலையிலேர்ந்து அறுத்துக்கினு வந்த?”

வண்டிக்காரர்கள் சிரித்தார்கள். காற்று வேறு வீசியது. அம்மா தம்பியை இறக்கிவிட்டு, மண்டியிட்டு, மண்ணிலிருந்து முடியைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவன் விடவில்லை. எவளைக் கேட்டு அறுத்தாய், பதில் சொல்லு என்று தடியைத் தட்டிக்கொண்டே இருந்தான். என் மகள் முடி என்று அம்மா சொல்லியிருக்கலாம். மூன்றே சொல். சொல்லவில்லை. வாயைத் திறந்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பண்ணையாரிடமே கூலிக்கு வாய்ச்சண்டை போடுகிறவள், ஒரு தடிக்காரன் முன்னால் திருடி மாதிரி கிடந்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அம்மாமேல் ஒரு வாரமாக எரிந்த எரிச்சல் முழுக்க அந்தத் தடியன் பக்கம் திரும்பியது. முக்காட்டைப் பிடுங்கி எறிந்தேன். ரத்தம் காய்ந்த மொட்டைத் தலையோடு அவனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் போய் நின்றேன்.

“என் முடி! என்னுது! மாதாவுக்கு நான் குட்த்தேன்! யாரும் அறுக்கல! ஒனக்கு இன்னா?”

சிரித்துக்கொண்டிருந்த வண்டிக்காரர்களில் வயதான ஒருவர், விடப்பா, சாமி காரியம், பாவம் சுத்திக்கும் என்றார். சேவகன் என் தலையைப் பார்த்தான், வெட்டுக் காயத்தைப் பார்த்தான், போ போ என்று தடியை வீசிவிட்டு வண்டிப் பக்கம் போய்விட்டான்.

வென்றாயிற்று என்று திரும்பினால், அம்மா அப்படியே தெருவில் உட்கார்ந்திருந்தாள். கையில் பொறுக்கிய முடி. கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிகிறது. “நீயா குட்த்த?” என்று மெல்லக் கேட்டாள். ஆமாம் என்றேன், இவனுக்கு முன்னால் அழாதே எழுந்திரு என்றேன். அவள் என் மொட்டைத் தலையைப் பிடித்து இழுத்து முகத்தோடு வைத்துக்கொண்டாள். வெட்டுக்காயம் எரிந்தது. மிச்ச முடியை நான்தான் பொறுக்கிக் கட்டினேன்.

வில்லியனூரில் கோயிலுக்குள் போனதும் அம்மா மூட்டையை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டாள். மாதாவுக்கு முன்னால் அதை வைத்தேன். அந்த நேரத்தில் நன்றி என்று ஒரு சொல்கூட என் வாயில் வரவில்லை. நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொல்லி, அந்தச் சேவகன் கையில் பெரிய கட்டியாக வர வேண்டும் என்றுதான் கேட்டுக்கொண்டேன். என் வேண்டுதல்களில் அந்த ஒன்றை மட்டும் நான் அடுத்தவர் பொருளை ஈடு வைக்காமல் கேட்டேன்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அம்மா அழுதாள். அழுகைக்கு நடுவே சிரித்தாள். ஆற்று மணலில் தம்பியை நடக்கவிட்டு என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டாள், ஒன்பது வயதுப் பெண்ணை. மாதாவே, அதுவா மனசாரக் குட்த்துது, அதுவா குட்த்துது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தாள். முடி போன வயிற்றெரிச்சல் எனக்கு, தூக்கிக்கொண்டு அழுவது இவள். எவனோ ஒரு தடிக்காரன் இரண்டு வார்த்தை பேசிவிட்டதற்கு ஒரு பொம்பிளை இவ்வளவு தூரம் அழுதுகொண்டு வருவாளா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.