வலது காதில் கேட்டது

வலியசாலையில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, பேட்டிப் பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது என் வேலை. நாள் முழுக்கக் காதில் ஹெட்போன் இருக்கும். சாயங்காலம் கழற்றும்போது காது வலிக்காது, மண்டைதான் வலிக்கும்.

போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தில் எடுத்த பேட்டிகள் வந்தபோது வலி கூடியது. அதில் ஒரு வயதான தம்பதிக்குத் தனித்தனி மைக் வைத்திருந்தார்கள். பெரியவர் குரல் இடது காதில் மட்டும் கேட்டது, அந்த அம்மாளின் குரல் வலது காதில் மட்டும். இரண்டு பக்கமும் ஆள் நின்று மாறி மாறிக் கூப்பிடுவது போலிருந்தது. சத்தத்தைக் குறைத்தால் வார்த்தை பிடிபடவில்லை. என் கணவர் எட்டிப் பார்த்து, "போறும், கழட்டி வை" என்றார். கழற்றி வைத்தால் வேலை அப்படியே கிடக்கும்.

ஒலிப்பதிவு செய்த பாறசாலைப் பெண்ணை ஃபோனில் கூப்பிட்டேன்.

"சேச்சி, ப்ளேயர்ல கிராஸ்ஃபீட்னு ஒண்ணு உண்டு, போட்டு நோக்குங்க. இந்தக் காதுல உள்ளத அந்தக் காதுக்கும் கொஞ்சம் விடும். அத்தரேதான், வேற ஒண்ணுமில்ல."

போட்டேன். குரல்கள் காதை விட்டு இறங்கி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்தன. இருவரும் ஒரே அறையில் இருந்தார்கள். தோள் தளர்ந்தது, அதுவரை அதை இறுக்கி வைத்திருந்ததே அப்போதுதான் தெரிந்தது. ஒரு சிரமம் மட்டும் மிச்சம்: இருவரும் சேர்ந்து பேசும் இடங்களில் சொற்கள் குழம்பின. அங்கே மட்டும் அதை அணைத்துவிட்டுக் கேட்பேன்.

காய்ச்சல் கண்ட மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கியதைப் பெரியவர் சொன்னார். ஆஸ்பத்திரியில் சேர்த்தபின் இரண்டு நாள் உயிரோடு இருந்தாளாம். நடுவே அந்த அம்மாளும் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். புரியாமல் கிராஸ்ஃபீடை அணைத்துவிட்டுத் திரும்ப ஓட்டினேன். வலது காதில் அவள் குரல் தனியாக வந்தது.

"எறங்கும்போதே மூச்சு இல்ல. எனக்குத் தெரியும். அவர்ட்ட சொல்லல."

இடது காதில் அவர் நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இரண்டையும் கேட்டபடியே தட்டச்சு செய்தேன். எது நடந்தது என்று தீர்மானிப்பது என் வேலையில்லை. பிறகு கிராஸ்ஃபீடைப் போட்டு அந்த இடத்தை மறுபடி ஓடவிட்டேன். அவள் சொன்னது அவர் குரலுக்குள் மறைந்தது.

கணவர் காப்பி கொண்டுவந்து, தலைவலி எப்படி என்று கேட்டார். இல்லை என்றேன். எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.