உள்ளே ஆள் இருக்கு

பருத்திப்பட்டில் ஏரிக்குப் பின்தெருவில் மனோகரன் அந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திய அன்று தெருவே கூடிச் சிரித்தது. ஏலத்தில் எடுத்த பழைய டிரெய்லர். யாரோ சர்வே ஆட்கள் காடுமேடெல்லாம் தங்கி வேலை பார்க்க, ஜீப்புக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போனது. லாரி இடித்து இடப்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது. தரைப்பலகை உளுத்துப்போய், அதற்கடியில் பெருச்சாளி குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"இன்னா அண்ணாத்தே, கேரவனா? சினிமால நடிக்கப் போறியா?" என்றான் தண்ணீர் கேன் போடும் தேவா.

"நான் இல்லடா, உங்க அண்ணி," என்று வாசலில் நாற்காலியில் இருந்த மனைவியைக் காட்டினார் மனோகரன். சாவித்திரி பாதி வாயால் சிரித்தாள். மறுபாதியைப் பக்கவாதம் கொண்டுபோயிருந்தது. கூடவே பேச்சையும்.

வாயிருந்த காலத்தில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனுஷ்கோடிக் கடலை ஒருதரம் பார்க்க வேண்டும். அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று இவர் தள்ளிக்கொண்டே வந்தார். இனி லாட்ஜ் படி ஏற அவளால் ஆகாது, வழியில் கழிவறைக்குப் போக வழியில்லை. வாதம் இன்னொரு முறை வந்தால் தாங்காது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அதனால்தான் இந்த வண்டி. தாழ்ந்த கட்டில், பிடித்துக்கொள்ளக் கம்பி, ஒரு சின்னக் கழிவறை, எல்லாவற்றையும் சக்கரத்தின் மேலேயே கட்டி, பொங்கலுக்குள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். அறுபத்து மூன்று வயதில் மனுஷன் ராவணன் மாதிரிப் பத்து ஆள் வேலை பார்த்தார்.

வேலை அவருக்குப் புதிதல்ல. ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்தாறு வருடம் வெல்டர். பெரிய இரும்புக் கூடுகளுக்குள் இறங்கி வேலை பார்க்கும் ஆட்களிடம் அங்கே ஒரு வழக்கம் இருந்தது. மூடியைச் சாத்துமுன் வெளியே நிற்பவன் சுத்தியலால் ஒருமுறை தட்டுவான். உள்ளே ஆள் இருந்தால் அவன் இரண்டு முறை திருப்பித் தட்டுவான். சத்தம் இல்லையென்றால் சாத்தலாம். ஓய்வு பெற்ற பிறகும் குளியலறைக் கதவைக்கூட அவர் அப்படித்தான் தட்டுவார். சாவித்திரி திட்டுவாள்.

அடிச்சட்டத்தின் துருவைச் சுரண்டி, மண்ணூர்பேட்டையில் அலுமினியத் தகடு வாங்கி அடித்து, கடைசியில் கதவைப் பொருத்தினார். சாத்திப் பார்க்குமுன் கை தன்போக்கில் ஒருமுறை தட்டியது.

உள்ளேயிருந்து டொக், டொக்.

திறந்து பார்த்தார். யாருமில்லை. கட்டில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், அங்கேயும் இல்லை. வெயிலுக்குத் தகரம் முறிகிறது என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் மழை. அன்றைக்கும் தட்டினார், இரண்டே இரண்டு தட்டு திரும்பி வந்தது. தகரத்துக்கு எண்ணத் தெரியாது. மனோகரன் இரண்டடி பின்வாங்கினார், ஏனென்றால் தட்டுகிறவர் யார் என்று அவருக்குத் தெரியும்.

ஏகாம்பரம். சாவித்திரியின் அண்ணன். தொழிற்சாலையில் இருவருக்கும் ஒரே பிரிவில் வேலை, மச்சான் மச்சான் என்று உயிரை விடுவார். இருபத்திரண்டு வருடத்துக்கு முன், ஒரு கூட்டுக்குள் பிரைமர் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், மூடி சாத்தியிருக்க உள்ளேயே மயங்கிக் கிடந்தார். தின்னர் புகை நுரையீரலைத் தின்றுவிட்டது. இரண்டு வருடம் இருமிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மூடியைச் சாத்தியவர் மனோகரன். தட்டினேன், பதில் வரவில்லை என்று விசாரணையில் சொன்னார். சாவித்திரியும் அதைத்தான் நம்பியிருந்தாள்.

பேயோடு பழகினாலும் பிரிவது கஷ்டம் என்பார்கள். ஒரு மாதத்தில் பயம் தெளிந்துவிட்டது. தட்டுவார், இரண்டு வரும், "சரி மச்சான், நீ இரு, நான் டீ குடிச்சிட்டு வரேன்" என்று சாத்திவிட்டுப் போவார். திறந்து பார்ப்பதையே விட்டுவிட்டார்.

அன்று காலையில் உள்சுவருக்குப் பிரைமர் அடித்துவிட்டு, காற்றாடக் கதவைத் திறந்துவைத்து ரிவெட் வாங்கப் போனார். திரும்பி வந்ததும் வெளித்தகட்டைத் தேய்க்க வேண்டியிருந்தது. ஈரச் சுவரில் தூசி படியக்கூடாதென்று கதவைப் பிடித்துத் தட்டினார்.

டொக், டொக்.

"தெரியும் மச்சான், தெரியும்," என்று சிரித்தபடி தாழ்ப்பாளைப் போட்டு, கிரைண்டரை ஓடவிட்டார்.

இருபது நிமிடம் கழித்து, சாவித்திரிக்கு மாத்திரை கொடுக்க வீட்டுக்குள் போனார். நாற்காலி காலி. படுக்கை காலி. வண்டிக்கு ஓடித் தாழ்ப்பாளைத் திறந்தார்.

அவர் கடைக்குப் போயிருந்தபோது, போட்டுவைத்திருந்த தாழ்ந்த படிகளில் ஊன்றுகோலோடு தானே ஏறி, தடுப்புக்குப் பின்னால் இருந்த புதுக் கட்டிலில் அவள் படுத்திருந்தாள். கண் செருகியிருந்தது. அவளை வாரியெடுத்து வெளியே கிடத்தி, முகத்தில் தண்ணீரை அடித்து, விசிறி, கத்தி, கெஞ்சினார். அவள் வாந்தியெடுத்தாள். பிறகு கண்ணைத் திறந்தாள். மனோகரன் மண்ணில் உட்கார்ந்து சின்னப்பிள்ளை போல அழுதார்.

"இன்னாத்துக்கும்மா உள்ள போன? நீயா தட்டின?"

அவள் இல்லையென்று தலையாட்டினாள். இடக்கையைக் கன்னத்தில் வைத்துச் சாய்த்துக் காட்டினாள். தூங்கிவிட்டாளாம்.

அப்படியென்றால் உள்ளே ஆள் இருக்கு என்று ஏகாம்பரம் சொன்னது இன்று சத்தியம். அதை இவர் காதில் வாங்கிக்கொண்டே தாழ்ப்பாளைப் போட்டிருக்கிறார். இரண்டாம் முறையாக. இதற்குமேல் அதை நெஞ்சில் வைத்திருக்க அவரால் ஆகவில்லை.

"சாவித்திரி, வண்டிக்குள்ள தட்டறது உங்க அண்ணன்தான். அன்னிக்கும் எனக்குக் கேட்டுச்சு. உங்க அண்ணன் ரெண்டு தட்டு தட்டினாரு. எப்பவும் போல வெளிய நின்னு தட்டி வெளாடறாருன்னு நெனச்சேன். சாப்பாட்டுச் சங்கு ஊதிட்டாங்க, பசி, சாத்திட்டுப் பூட்டேன். கேக்கலன்னு பொய் சொல்லிட்டேன்."

 சாவித்திரி அவர் பிடியிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள். வண்டிக் கதவோரம் கிடந்த ஊன்றுகோலை எட்டியெடுத்துத் தானாக எழுந்து நின்று, அவரைக் காட்டினாள், வண்டியைக் காட்டினாள். போ.

அவர் உள்ளே ஏறினார். பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

தின்னர் நெடி தொண்டையைப் பிடித்தது. கண் எரிந்து வழிந்தது. தட்டினால் திறப்பாள் என்று தெரியும். கையைத் தூக்கினார். ஏகாம்பரம் தட்டியபோது சாப்பிடப் போனவன் எந்த முகத்தோடு தட்டுவது? கையை இறக்கிவிட்டார். நெஞ்சு அடைத்து, முழங்கால் மடங்கியது.

அவர் தோளுக்குப் பின்னாலிருந்து, தகட்டில், யாரோ அவருக்காகத் தட்டினார்கள். டொக், டொக்.

வெளியே ஊன்றுகோல் நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. மனோகரன் இருமிக்கொண்டே தடுமாறி வெளியே வந்து தரையில் விழுந்தார். சாவித்திரி அவரைக் குனிந்து பார்க்கவில்லை. அவர் இறங்கிய பிறகும், இன்னொருவர் இறங்கட்டும் என்று, கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றாள்.